கோழிக் காசு யாருடைய காசு?

முட்டை விலை ஏறுகிற ஒவ்வொரு முறையும் எங்கட ஊரில் ஒரே வசனம் வரும்: "வளவில நாலு கோழியை விட்டா முடிஞ்சுது கதை." இதைச் சொல்லுறது அநேகமாக ஆம்பிளையள். கடைவாசலில, சலூனில, செத்தவீட்டுப் பந்தலில. அந்த நாலு கோழிக்கும் விடியப்புறம் ஆர் கூடு திறக்கிறது எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. கேட்டால் கதை முடியாது, அப்பதான் தொடங்கும்.

உடுப்பிட்டியில் கோழி புதினமான விசயம் இல்லை. வேலி, கிணறு, வாழைப்பாத்தி, கோழி எண்டு வளவுகள் இருந்த ஊர் இது. ஆனால் இடையில ஒரு பதினைஞ்சு இருபது வருசம் கன வீடுகளில கோழி இல்லாமல் போச்சு. வேலி இருந்த இடத்தில மதில் வந்தது, முற்றத்துக்குச் சீமெந்து போட்டாச்சு, முட்டை கடையில மலிவா இருந்தது. பிறகு 2022 வந்தது. மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் வரிசையில நிண்டது, ஒரு நாளில பத்து மணித்தியாலத்துக்கு மேல கரண்ட் இல்லாமல் இருந்தது எல்லாம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அந்த வருசம் ஓகஸ்டில் அரசாங்கம் வெள்ளை முட்டைக்கு 43 ரூபாய், சிவப்பு முட்டைக்கு 45 ரூபாய் எண்டு உச்ச விலை போட்டது. விலை வர்த்தமானியில இருந்தது, அந்த விலைக்கு முட்டை எங்கட பக்கத்துக் கடைகளில இருக்கேல்லை. 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கவே வேண்டி வந்தது. அந்தக் காலத்திலதான் எங்கட ஒழுங்கையில திரும்பவும் கம்பிவலை அடிக்கிற சத்தம் கேட்டது. எங்கட வீடும் அப்பிடித் தொடங்கினதுதான். ஆறு முட்டைக்கோழி, ரெண்டு ஊர்க்கோழிப் பேடு, ஒரு சேவல்.

கூடு அப்பா அடிச்சவர். பனஞ்சலாகை, பழைய தகரம், கம்பிவலை, ரெண்டு நாள் வேலை. அந்த ரெண்டு நாளும் வீட்டில ஒரு திருவிழா மாதிரி. தம்பி படம் எடுத்து இத்தாலியில இருக்கிற மாமாவுக்கு அனுப்பினவன். கூடு அடிச்சு முடிஞ்சதும் ஆம்பிளையளின்ர பங்கு ஏறக்குறைய முடிஞ்சு போச்சு. மூண்டாம் நாளிலிருந்து கோழி அம்மாவின்ர.

நான் கம்பஸில் கலைப்பீடத்தில படிக்கிறன். வீட்டுப் பொருளாதாரம் பற்றி ஒரு பாடத்தில பேசினதாலயோ என்னவோ, ஒரு கிழமை கொப்பியில குறிச்சுப் பார்த்தன். விடிய அஞ்சரைக்குக் கூடு திறக்கிறது, தண்ணிச் சட்டி கழுவி நிரப்புறது, தீன் வைக்கிறது, எச்சம் கூட்டி அள்ளுறது, மத்தியானம் திரும்பத் தண்ணி, முட்டை எடுக்கிறது, வேலிக்கு அங்கால போனதைக் கலைச்சுக் கொண்டு வாறது, பொழுதுபட எண்ணி அடைக்கிறது. சராசரியாக ஒரு நாளைக்கு ஐம்பது நிமிசம். மாசம் 25 மணித்தியாலம். இது வருத்தம், மழை, கீரி ஒண்டும் இல்லாத கிழமையின்ர கணக்கு. இதில நான் செய்தது ரெண்டு நாள், தம்பி செய்தது ஒரு நேரம்.

இப்ப மற்றக் கணக்குக்கு வாறன், ஏனெண்டால் "முட்டை சும்மா கிடைக்குது" எண்டு நம்புற ஆக்கள் நிறையப் பேர்.

நல்லா முட்டை இடுற ஒரு லெகோன் இனக் கோழி ஒரு நாளைக்கு 110 தொடக்கம் 120 கிராம் தீன் தின்னும். ஆறு கோழிக்கு ஒரு நாளைக்கு எழுநூறு கிராம், மாசம் 21 கிலோ. ஆறும் ஒவ்வொரு நாளும் இடாது. அஞ்சு முட்டை கிடைச்சால் நல்ல நாள். அதாவது ஒரு கிலோ தீனுக்கு ஏறக்குறைய ஏழு முட்டை. நீங்கள் இதை வாசிக்கிற நாளில நெல்லியடியில ஒரு கிலோ முட்டைக்கோழித் தீன் என்ன விலையோ, அதை ஏழால பிரியுங்கோ. வாறதுதான் உங்கட "சும்மா" முட்டையின்ர அடி விலை. அதுக்கு மேல குஞ்சு வாங்கின காசு இருக்கு. குஞ்சு முதல் முட்டை இட 18 தொடக்கம் 20 கிழமை எடுக்கும், அதுக்குள்ள ஒவ்வொண்டும் ஆறேழு கிலோ தீனை முடிச்சிடும். ரெண்டு வருசத்துக்குப் பிறகு முட்டை குறையும், தீன் குறையாது. அப்ப அந்தக் கோழியை என்ன செய்யிறது? வெள்ளிக்கிழமையில முட்டைகூட உடைக்காத வீட்டில, பெயர் வைச்சு வளர்த்த கோழியைக் கறிச்சட்டிக்குள்ள போட ஆர் ஓம் எண்டு சொல்லப் போகினம்? எங்கட வீட்டில ஒருத்தரும் இல்லை. இந்தப் பிரச்சினைக்கு எந்தக் கோழி வளர்ப்புக் கையேட்டிலும் பதில் இல்லை.

இன்னொரு விசயமும் இருக்கு. 2022 இல் முட்டைக்கு ஏன் தட்டுப்பாடு வந்தது? கோழிக்கு வருத்தம் வந்ததால இல்லை. தீனுக்கு வேண்டிய சோயாவும் சோளத்தில ஒரு பங்கும் வெளிநாட்டிலிருந்து வருவது. டொலர் இல்லாமல் போச்சு. 2021 மே மாசம் இரசாயன உரத்தைத் தடை செய்ததில உள்ளூர்ச் சோளமும் படுத்தது. தீன் இல்லாமல் பண்ணைக்காரர் கோழியளைக் கழிச்சு விட்டினம். இப்ப யோசிச்சுப் பாருங்கோ: வளவில கூடு அடிச்சு, முட்டைக்கோழி வாங்கி, சாக்குத் தீன் போட்டு வளர்க்கிறவர் அதே கயிற்றின்ர நுனியிலதான் நிக்கிறார். தற்சார்பு எண்டு முகநூலில எழுதலாம். தீன் சாக்கு கொழும்புத் துறைமுகத்தைத்தான் பார்த்துக் கொண்டிருக்கு.

ஊர்க்கோழியின்ர கதை வேற. பத்துப் பதினைஞ்சு முட்டை இடும், பிறகு அடை கிடக்கும். 21 நாள் அடை, அதுக்குப் பிறகு ஒண்டரை ரெண்டு மாசம் குஞ்சுகளோட திரியும். வருசத்துக்கு மூண்டு நாலு ஈடு. எண்ணிக்கையில முட்டைக்கோழிக்குக் கிட்டவும் வராது. ஆனால் அது தின்னுறது கறையான், புழு, சோத்துப் பருக்கை, தேங்காய்ப்பூ, குருணல், விழுந்த வேப்பம்பழத்தில இருக்கிற பூச்சி. 2022 இல் வெளிவந்த தொல்லியல் ஆய்வுகள் கோழி மனுசரோட சேர்ந்த கதையை அழகாச் சொல்லுது. தாய்லாந்தின் பான் நொன் வாட் எண்ட இடத்தில, கிறிஸ்துவுக்கு முன் 1650க்கும் 1250க்கும் இடைப்பட்ட எலும்புகள்தான் வீட்டுக்கோழியின்ர மிகப் பழைய உறுதியான சான்று எண்டு அவை சொல்லுது. நெல்லும் தினையும் விளைஞ்ச இடத்துக்குக் காட்டுக்கோழி தானாக இறங்கி வந்திருக்க வேணும் எண்டதுதான் அந்த ஆய்வாளரின் ஊகம். கூட்டிக்கொண்டு வந்த பிராணி இல்லை, சிந்தினதைப் பொறுக்க வந்த பிராணி. ஊர்க்கோழி இண்டைக்கும் அந்தத் தொழிலைத்தான் செய்யுது. லெகோன் அதை ஏறக்குறைய மறந்து போச்சு, அடை கிடக்கிறதையும் மறந்து போச்சு. அது பிழை இல்லை, மனுசர் அப்பிடித்தான் தெரிஞ்செடுத்து வளர்த்தவை. ஆனால் குஞ்சுக்கும் கடைக்குப் போக வேணும், தீனுக்கும் கடைக்குப் போக வேணும் எண்டால், அதை வீட்டுக்கோழி எண்டு சொல்லுறதிலும் பார்க்க, வீட்டில இருக்கிற குட்டிப் பண்ணை எண்டு சொல்லுறது நேர்மை.

புதுசாத் தொடங்குற ஆக்களுக்கு என்ர எண்ணம்: முதலில ரெண்டு ஊர்க்கோழிப் பேடு. ஒரு ஈடு குஞ்சு காகத்துக்கும் கீரிக்கும் தப்பி வளர்ந்த பிறகு மற்றதை யோசியுங்கோ. கரப்பு ஒண்டு கட்டாயம் வேணும், குஞ்சு சின்னனா இருக்கேக்க கரப்புக்குள்ள விட்டால் காகம் கிட்ட வராது. இப்ப கரப்புப் பின்னுற ஆக்களைக் கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம். பிளாஸ்டிக் மரக்கறிக் கூடையைக் கவிழ்த்து வைக்கினம். அதுவும் வேலை செய்யும், பார்க்கத்தான் வடிவில்லை.

ஆச்சிக்குக் கோழி எண்டால் முட்டை இல்லை, காசு. "கோழிக் காசு" எண்டு அவ ஒரு சொல்லு வைச்சிருந்தவ. தாத்தா தோட்டத்தில வெங்காயம் விற்ற காசு தாத்தாவின்ர. மாடு இருந்த காலத்தில பால் காசும் வீட்டுப் பொதுச் செலவுக்குப் போயிடும். முட்டையும் குஞ்சும் விற்ற காசு மட்டும் ஆச்சியின்ர, ஆரும் கணக்குக் கேக்கிறேல்லை. குசினியில சீனிப் பேணிக்குப் பின்னால இருக்கும். அதில சீட்டுக் கட்டினவ, அம்மாவுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கினவ, கோயிலுக்குப் போக பஸ் காசு எடுத்தவ. ஒரு பொம்பிளை ஆரிட்டயும் கேளாமல் செலவழிக்கக் கூடிய காசு எண்டு அந்த வீட்டில இருந்தது அது ஒண்டுதான். '95இல வலிகாமச் சனம் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வரேக்க, சைக்கிள் கரியரில கோழியைக் கட்டிக் கொண்டு வந்த பொம்பிளையளை ஆச்சி இப்பவும் சொல்லுவா. உடுப்பு மூட்டையை விட்டிட்டு ஏன் கோழியைக் கொண்டு வந்தவை எண்டு நான் ஒருக்கா கேட்டன். "உடுப்பு முட்டை இடுமே?" எண்டா.

அதனாலதான் வாழ்வாதாரத் திட்டங்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கு. 2009க்குப் பிறகு வடக்கில் பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு எண்டு கொடுக்கப்பட்ட உதவிகளில கோழியும் கூடும் இல்லாத பட்டியல் அரிது. தையல் மெசின், ஆடு, கோழி. பயனாளி கூட்டுக்குப் பக்கத்தில நிண்டு எடுத்த படம் அறிக்கையில வரும். அந்தப் படத்துக்குப் பிறகு தொண்ணூறாவது நாள் ஆர் போய்ப் பார்த்தது? முதல் மாசத்துத் தீன் சாக்கு முடிஞ்ச பிறகு என்ன நடந்தது? ஐம்பது கோழியைத் தனிய வளர்க்கிற ஒரு தாய் கூலி வேலைக்குப் போக முடியாமல் போன நாளுக்கு ஆர் கணக்கு வைச்சது? கோழி குடுத்தது பிழை எண்டு நான் சொல்லேல்லை. கோழியை மட்டும் குடுத்தது பிழை. சில இடங்களில அது உதவியாகக்கூட வரேல்லை, சுயதொழில் கடனாக வந்தது. கோழி செத்தாலும் கிழமைத் தவணை சாகாது. 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசே அறிவிக்கிற அளவுக்கு அந்தத் தவணைகள் கழுத்தை நெரிச்சது.

இது எங்கட ஊருக்கு மட்டும் உரிய விவாதம் இல்லை. 2016 இல் பில் கேட்ஸ் தான் ஏழையாக இருந்தால் கோழிதான் வளர்ப்பேன் எண்டு எழுதி, ஒரு இலட்சம் கோழி குடுக்கப் போறதா அறிவிச்சார். பொலிவியா அரசாங்கத்துக்குக் கோபம் வந்தது. வருசத்துக்கு 19 கோடிக்கு மேல கோழி உற்பத்தி செய்யிற நாங்கள் காட்டில இருக்கிறம் எண்டு நினைச்சீரோ எண்ட மாதிரிக் கேட்டு, கோழி வேண்டாம் எண்டு சொல்லிட்டுது. அடுத்த வருசம் கிறிஸ் பிளாட்மன் எண்ட பொருளியலாளர் கேட்ஸுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்: கோழி குடுக்கிறதா, அதுக்குச் செலவாகிற காசைக் கையில குடுக்கிறதா எது நல்லம் எண்டு முதலில சோதிச்சுப் பாருங்கோ எண்டு. எனக்குப் பிளாட்மன் பக்கம்தான் சாய்வு. காசு கையில இருந்தால் அந்தத் தாய் கோழி வாங்குவா, அல்லது பிள்ளையின்ர ரியூசன் காசு கட்டுவா, அல்லது தையல் மெசினைத் திருத்துவா. முடிவு அவவின்ரயா இருக்கும்.

அரசாங்கங்கள் சனத்தைக் கோழி வளர்க்கச் சொல்லுறதும் பழைய பழக்கம். முதலாம் உலகப் போர் நேரம், 1918 இல், அமெரிக்காவில ஆளுக்கு ரெண்டு பேடு வளருங்கோ எண்டு சுவரொட்டி ஒட்டினவை. ரெண்டாம் போர் நேரம் பிரித்தானியாவில ஒரு ஒழுங்கு இருந்தது: முட்டைப் பங்கீட்டை விட்டுக் குடுக்கிற குடும்பத்துக்கு அதுக்குப் பதிலாகக் கோழித்தீன் பங்கீடு. அது நியாயம். வளர்க்கச் சொன்னவன் தீனுக்கு வழி காட்டினான். எங்கட நாட்டில 2022 ஜூனில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு குடுத்து, வீட்டில பயிர் செய்யுங்கோ எண்டு சுற்றறிக்கை வந்தது. வாசிச்சிட்டு அம்மா சிரிச்சா. அவவுக்கு எந்தக் கிழமை லீவு?

சரி, இவ்வளவு சொல்லிப் போட்டு, கோழி வளர்க்காதேங்கோ எண்டா சொல்லப் போறன்? இல்லை. எங்கட வீட்டில இப்பவும் கோழி நிக்குது. தம்பியின்ர சாப்பாட்டுக் கோப்பையில ஒவ்வொரு நாளும் முட்டை இருக்கு. 2022இல அது கிழமைக்கு ஒண்டு. கோழி எருவைப் பழுதாக விடாமல் குழியில போட்டு ஆறவைச்சு வாழைக்கும் கத்தரிக்கும் போடுறம் (பச்சையாப் போட்டால் கண்டு கருகும்). நான் சொல்லுறது ரெண்டு விசயம்தான்.

முதலாவது, காசு. வேலை அம்மாவின்ர எண்டால் காசும் அம்மாவின்ர. எங்கட வீட்டில இது சும்மா வரேல்லை. தீனுக்கு அப்பா காசு குடுக்கிறார், ஆனபடியால் முட்டை விற்ற காசு வீட்டுக் காசு எண்டு முதலில ஒரு கதை ஓடினது. கொப்பியில எழுதின 25 மணித்தியாலத்தை நான் சாப்பாட்டு மேசையில வாசிச்சன். அப்பா கொஞ்ச நேரம் கதைக்கேல்லை. பிறகு, தீன் காசைக் கழிச்சு மிச்சம் அம்மாவுக்கு எண்டு தீர்மானம். தண்ணிச் சட்டி கழுவுறது தம்பிக்கு. அவன் கிழமையில மூண்டு நாள் மறக்கிறான், அது வேற கதை. ஆச்சிக்கு இதெல்லாம் விசித்திரம். "என்ர காலத்தில உதை ஆரும் எழுதேல்லை, ஆரும் எடுக்கவும் இல்லை" எண்டா. ஆச்சி காலத்துக் கோழி காசு குடுத்துத் தீன் தின்னேல்லை, அதனால பங்கு கேக்க ஆளும் இருக்கேல்லை.

ரெண்டாவது, தடுப்பூசி. வெள்ளைக் கழிச்சல் எண்டு சொல்லுற நியூகாசில் நோய் ஒரு வளவுக்குள்ள வந்தால் சில நாளில கூடு வெறுமையாகும். பச்சையும் வெள்ளையுமாக் கழியும், மூச்சு இழுக்கும், கழுத்துத் திருகும். வந்த பிறகு மருந்து இல்லை. சின்னவெங்காயமும் மஞ்சளும் அரைச்சுப் பருக்குறது எங்கட மனத்தைத்தான் ஆற்றும். போன வருசம் எங்களுக்கு மூண்டு வீடு தள்ளி ஒரு அக்காவின்ர பதினாலு கோழியில பதினொண்டு நாலு நாளில போச்சு. அவவின்ர பிள்ளையின்ர பரீட்சைக் காசு அதுக்குள்ள இருந்தது.

இந்த நோய்க்குத் தடுப்பு மருந்து இருக்கு. கண்ணில ஒரு துளி விடுறது, அல்லது தண்ணியில கலந்து குடுக்கிறது, பெரிய வித்தை இல்லை. பிறகு ஏன் எட்டுக் கோழி வைச்சிருக்கிற வீடுகள் போடுறேல்லை? ஏனெண்டால் ஒரு போத்தலில நூற்றுக்கணக்கான கோழிக்கான மருந்து இருக்கும். குளிரில வைச்சுக் கொண்டு வர வேணும், கலக்கினால் ஒண்டு ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள முடிக்க வேணும். எட்டுக் கோழிக்காக ஒரு போத்தலை உடைச்சு மிச்சத்தை ஊத்த ஆருக்கு மனம் வரும்? மருந்து பண்ணைக்காரரை நினைச்சுப் போத்தலில அடைச்சது. வளவுக்காரியை ஒருத்தரும் நினைக்கேல்லை.

வெளியில வேற மாதிரிச் செய்து காட்டியிருக்கினம். குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில ஐ-2 எண்டு ஒரு தடுப்பு மருந்தை, கிராமத்துக் கோழிகளை நினைச்சே உருவாக்கினவை. வெக்கையை ஓரளவு தாங்கும். மொசாம்பிக்கிலும் தான்சானியாவிலும் ஊரிலயே ஆக்களைப் பழக்கி, கனபேர் பொம்பிளையள், நாலு மாசத்துக்கு ஒருக்கா வீடு வீடாகப் போய்க் கண்ணில துளி விட வைச்சினம். ஒரு கோழிக்குச் சின்னக் கட்டணம், அது போடுறவவுக்கு வருமானம். கோழி குடுக்கிற திட்டத்திலும் பார்க்க இருக்கிற கோழியைச் சாகாமல் வைச்சிருக்கிற திட்டம் மலிவு. படம் எடுக்க மட்டும் அவ்வளவு வடிவா இருக்காது.

எங்களுக்கு அதுவரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு ஒழுங்கையில எத்தனை வீட்டில எத்தனை கோழி நிக்குது எண்டு எண்ணுறதுக்கு ஒரு பின்னேரம் போதும். கால்நடை வைத்தியர் அலுவலகத்தில மருந்து எப்ப இருக்கும், எப்பிடிப் போடுறது எண்டு கேட்டு வைச்சு, நாள் குறிச்சு, எல்லாரும் ஒரே போத்தலைப் பங்கு போடலாம். சனசமூக நிலையத்தில கிரிக்கெட் மட்ச்சுக்குக் காசு சேர்க்கத் தெரிஞ்ச பெடியளுக்கு இது பெரிய வேலை இல்லை. கோழியைப் பிடிக்கிறதுதான் வேலை, அதுவும் இருட்டின பிறகு கூட்டுக்குள்ள பிடிச்சால் சுகம்.

நாங்கள் எண்ணிப் பார்த்திட்டம். எங்கட ஒழுங்கையில எட்டு வீடு, 63 கோழி. ஐஸ் பெட்டி ஒண்டு ஐஸ்கிறீம் விற்கிற அண்ணையிட்ட இரவல் கேட்டிருக்கு. டோர்ச் லைட் மூண்டு இருக்கு. பின்னால இருக்கிற ஒழுங்கைக்காரரும் வாறமெண்டால் எண்ணிக்கை நூறைத் தாண்டும், போத்தலில மிச்சம் இன்னும் குறையும்.